ஓடும்போதே மாறிய எண்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் வாசல் காவலருக்கு அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது விளங்கவே இல்லை. முதல்முறை போனபோது பதிவேட்டில் ‘வேலை’ என்ற கட்டத்தில் ‘டிரைவர் எழுதுவது’ என்று எழுதினாள். அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, வண்டியை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பஸ்ஸில் வந்தேன் என்றாள். டிரைவர் எதற்குப் பஸ்ஸில் வரவேண்டும் என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நல்ல மனிதர், மேற்கொண்டு குடையாமல் உள்ளே விட்டார். அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்க அவளுக்கு ‘டிரைவரக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது.

அவள் எழுதும் டிரைவருக்குச் சக்கரம் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டு ஒரு பாஷை பேசும், கம்ப்யூட்டர் இன்னொரு பாஷை பேசும். நடுவில் நின்றுகொண்டு இதன் பேச்சை அதற்கும் அதன் பேச்சை இதற்கும் ஓயாமல் எடுத்துச் சொல்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேலே, பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் அவள் ஆறு வருஷமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் செய்த கார்டுதான் அந்த நிலையத்தின் பெரிய சர்வரில் இருந்தது.

அந்த டிரைவருக்குள் ஓர் எண் இருந்தது. தொண்ணூற்றாறு. கார்டின் வாசலில் தகவல்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். வரிசை நீண்டுகொண்டே போனால் நெரிசல். அதனால் ஓர் அளவு வந்ததும், ‘கொஞ்சம் மெதுவா அனுப்புங்க’ என்று அனுப்புகிறவர்களுக்குக் கார்டு சொல்லிவிடும். வரிசையில் எத்தனை நின்றதும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த எண். அதைத் தொண்ணூற்றாறு என்று வைத்தவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஏன் தொண்ணூற்றாறு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நிரலுக்குள்ளேயே பொறித்துவிட்டதால், மாற்ற வேண்டுமானால் டிரைவரை மறுபடி கட்டி, பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். அதற்கு நாற்பது விநாடி நெட்வொர்க் செத்துக் கிடக்கும். தொலைக்காட்சியில் நாற்பது விநாடி இருட்டு என்றால் நிலையத் தலைவரே படியிறங்கி வந்துவிடுவார்.

அந்த ஒரே சர்வரை இரண்டு பிரிவுகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் மாடியில் செய்தி நேரலை. வெளியூரிலிருந்து நிருபர்கள் அனுப்பும் படம் அதன் வழியாக வந்து, காலை பதினொரு மணிச் செய்தியில் போகும். கீழ்த்தளத்தில் லைப்ரரி. முப்பது வருஷத்துப் பழைய ஒளிநாடாக்களை நகலெடுத்துச் சர்வரில் சேர்ப்பது அதன் வேலை, நாள் முழுக்க நடக்கும். எண் சின்னதாக இருந்தால் லைப்ரரியின் பெருஞ்சுமை சீக்கிரமே அடங்கி நேரலைக்கு வழி விடும். பெரிதாக இருந்தால் நகல் பறக்கும், நேரலைப் படம் விக்கி விக்கி நிற்கும். தொண்ணூற்றாறு இரண்டுங்கெட்டான். படமும் அவ்வப்போது விக்கியது, நகலும் ஐந்து மணிக்கு முடிய வேண்டியது ஏழு மணி வரை இழுத்தது.

நேரலையைப் பார்த்துக்கொண்டவரும் லைப்ரரியைப் பார்த்துக்கொண்டவரும் சம்பந்திகள். நேரலைக்காரரின் மகளை லைப்ரரிக்காரரின் மகனுக்குக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இருபது வருஷம் ஒரே கட்டடத்தில் ‘என்னய்யா’, ‘வாய்யா’ என்று இருந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு ‘வாங்க சம்பந்தி’, ‘சாப்பிட்டீங்களா சம்பந்தி’ என்று ஆகிவிட்டார்கள். தினமும் நாலு மணிக்குக் கேன்டீனில் ஒன்றாக டீ குடிப்பார்கள். குடிக்கும்போது பேச அவர்களுக்கு ஒரு பொது விஷயம் இருந்தது. அந்தக் கார்டு. எந்த மகராசன் இப்படி ஒரு எண்ணை வைத்தானோ என்று ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர் அதை எடுத்துக்கொண்டு போவார். டீ ஆறிப்போகும் வரை திட்டுவார்கள். கடைசியில் இரண்டு பேருமாகக் கையெழுத்துப் போட்டு அவளுடைய கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணை மாற்ற வழி செய்து தர வேண்டும்.

அவள் அதற்கு நாலு மாதம் எடுத்துக்கொண்டாள். ஓடும்போது மாற்றுவது வெளியிலிருந்து பார்ப்பதுபோல் சுலபமில்லை. கார்டு பழைய எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் புதியது வந்து விழுந்தால் என்ன ஆகும், இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதினால் என்ன ஆகும், எவனாவது ஒரு லட்சம் என்று போட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக யோசித்து அடைத்தாள். எட்டுக்குக் கீழே போனாலும் ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு மேலே போனாலும் டிரைவர் வாங்காது. மொத்தம் இருநூற்றுப் பதினாலு வரி.

செய்துகாட்டிய அன்று சர்வர் அறையின் குளிரில் சம்பந்திகள் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒரு சின்ன ஃபைலில் நாற்பது என்று எழுதினாள். எண் மாறியது, திரையில் படம் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு என்று எழுதினாள். அப்போதும் தடங்கலில்லை. லைப்ரரிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நேரலைக்கு நாற்பது உகந்தது, நகலுக்கு இருநூறு உகந்தது என்று அவள் விளக்கினாள். இரண்டு பேருக்கும் மாற்றுகிற அனுமதி கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

“இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு, வேணுங்கற நேரத்துல வேணுங்கறதைப் போட்டுக்கலாம் சார்.”

நேரலைக்காரர், “நீங்க சொல்லுங்க சம்பந்தி, உங்களுக்கு எது தோது?” என்றார்.

“எனக்கென்ன சம்பந்தி, நீங்க பார்த்து எதைப் போட்டாலும் சரி.”

இல்லை நீங்கள்தான், இல்லை இல்லை நீங்கள்தான் என்று அது கதவு வரை போயிற்று. கதவருகே முதலில் யார் வெளியே போவது என்றும் கொஞ்சம் நடந்தது. எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்து, எண்ணைத் தொண்ணூற்றாறிலேயே விட்டுவிட்டு அவள் பஸ் பிடிக்கப் போனாள்.

பத்தாம் நாள் அவள் கம்பெனி மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நிலையத்திலிருந்து புகார். பதினொரு மணிச் செய்தியில் ஏதோ ஒரு வியாபாரிகள் சங்கத் தலைவர் வாயைத் திறந்தபடியே பதினொரு விநாடி நின்றுவிட்டாராம். அந்தப் படத்தை ஊரே பகிர்ந்து சிரிக்கிறதாம். லைப்ரரியிலும் முன்பு ஏழு மணிக்கு முடிந்த நகல் இப்போது ஒன்பதாகியும் முடிவதில்லையாம்.

அவளுக்குத் தலை சுற்றியது. படம் நின்றது என்றால் எண் பெரிதாக இருக்க வேண்டும், சரி. அப்படியானால் நகல் பறந்திருக்க வேண்டும். நகல் இழுத்தது என்றால் எண் சின்னதாக இருக்க வேண்டும், அதுவும் சரி. அப்படியானால் படம் ஏன் நின்றது? எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டு பேரில் ஒருவராவது இதைவிட நன்றாக இருந்தாக வேண்டும். தொண்ணூற்றாறுகூட இருவருக்கும் அரைகுறைக் கெடுதல்தான், இரண்டு பேருக்கும் முழுக்கக் கெடுதலான எண் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

மதியம் மூன்று மணிக்கு நேரில் போய்ப் பார்த்தபோது எண் நாற்பதாக இருந்தது. அதைத் தொண்ணூற்றாறுக்கு மாற்றிவிட்டு வந்தாள். மறுநாள் பதினொன்றே காலுக்குப் படம் நின்றதாகச் செய்தி வந்தது. நேரலைக்காரருக்குப் போன் செய்து ஃபைலில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள்.

“இருநூறுன்னு காட்டுதும்மா.”

அவர் மாற்றினாரா என்று கேட்டாள். “எனக்காக நான் எதுக்கும்மா இருநூறு போட்டுக்கப் போறேன்?” என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. லைப்ரரிக்காரரைக் கேட்டாள். தனக்கென்று அந்தப் பக்கமே போவதில்லை என்றார். அன்று மூன்று மணிக்கு மறுபடி பார்த்தால் நாற்பது.

ஆக, யாரும் தொடவில்லை, எண் தானாக மாறுகிறது. தானாக மாறினால் தப்பு நிரலில்தான். நிரல் அவளுடையது. இருநூற்றுப் பதினாலு வரியையும் காகிதத்தில் அச்செடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். கார்டு எட்டு எட்டாக எண்ணும் சாதி. நாற்பது என்றால் அதற்கு ஐந்து, இருநூறு என்றால் இருபத்தைந்து. ஐந்தை ஐந்தால் பெருக்கினால் இருபத்தைந்து என்பது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மண்டையில் பளிச்சென்று அடித்தது. எங்கேயோ அந்த எண் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். மாலை நாலு மணி வரை பெருக்கல் குறியைத் தேடினாள். நிரல் முழுவதிலும் ஒரே ஒரு பெருக்கல்தான் இருந்தது, அதுவும் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டது.

அவள் கணவர் பல்செட் செய்கிறவர். பின் அறையில் ஒரு பல்செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேஜை கிடந்த கிடையைப் பார்த்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது. தன் பட்டறையில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு உண்டு, யார் எப்போது தொட்டாலும் அதில் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தர் வாய்க்குச் செய்தது இன்னொருத்தர் வாய்க்குப் போய்விடும் என்றார்.

“உன்னோட நம்பருக்கும் ஒரு சீட்டு வையேன்.”

அது ஏன் தனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நிலையத்தில் நாற்பது விநாடி அனுமதி வாங்கி, புதிய டிரைவரை ஏற்றினாள். இனி எண் மாறும் ஒவ்வொரு தடவையும் நேரம், எண், மாற்றியவர் யார் என்று ஒரு வரி பதிவாகும். யாருமே மாற்றாமல் எண் மாறினால் தப்பு நிரலுடையது என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிடும் என்றே அவள் நம்பினாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாள் பதிவு வந்தது. காலை பத்து இருபதுக்கு இருநூறு, மாற்றியவர் நேரலைக்காரர். பதினொன்றே முக்காலுக்கு நாற்பது, மாற்றியவர் லைப்ரரிக்காரர். செவ்வாய்க்கிழமையும் அதே போல். நடுவில் ஒருதரம் ஐந்து நிமிஷத்துக்குள் நாலு தடவை, இருநூறு நாற்பது இருநூறு நாற்பது என்று.

அவள் சந்தேகப்பட்டது பதிவைத்தான். பேர்கள் இடம் மாறி விழுகின்றன. நேரலைக்காரர் தன் செய்தியைத் தானே கெடுத்துக்கொள்வாரா? லைப்ரரிக்காரர் தன் நகலைத் தானே இழுத்தடித்துக்கொண்டு ஒன்பது மணி வரை உட்காருவாரா? தன் பேரில் மாற்றிப் பார்த்தாள், தன் பேர்தான் விழுந்தது. சர்வரின் பயனர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள், ஒத்துப் போனது. பதிவு செய்கிற வரியையே இன்னொரு விதமாக எழுதிச் சோதித்தாள். பேர்கள் அசையவில்லை.

புதன்கிழமை மேலாளரிடம் காட்டினாள். அவர் காகிதத்தைத் திருப்பி வைத்துக்கூடப் பார்த்தார். உன் டிரைவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இந்த மாற்றுகிற வித்தையை எல்லாம் எடுத்துவிட்டு, பழையபடி தொண்ணூற்றாறைக் கட்டி வைத்துவிடலாம் என்றும் சொன்னார். நாலு மாத உழைப்பு ஒரு வாக்கியத்தில் குப்பைக்குப் போவதைக் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே நேரலை அறைக்குப் போய்விட்டாள். பெட்டி மாதிரி அறை. பதினொரு திரைகள், ஒரு பிஸ்கட் டின் நிறைய இணைப்பு முனைகள், சாய்வு ஒடிந்த ஒரு நாற்காலி. அதில் அவளை உட்காரவைத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். பத்து இருபது ஆனது. அவள் இருக்கிறாள் என்கிற கூச்சம்கூட இல்லாமல், மூச்சு விடுவதுபோல் வெகு இயல்பாக, அந்த ஃபைலைத் திறந்து இருநூறு என்று தட்டினார்.

“சார், அது உங்களுக்கு எதிரான நம்பர்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சேதான் போடறீங்களா?”

அவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என் பொண்ணு அவர் வீட்ல இருக்காம்மா. முன்னாடி அந்த நம்பர் கல்லு மாதிரி அசையாம இருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து அதைத் திட்டிக்கிட்டிருந்தோம், நிம்மதியா இருந்துச்சு. நீங்க அதை எங்க கையில கொடுத்துட்டீங்க. இப்போ நான் நாற்பது போட்டா அவர் ஒன்பது மணி வரைக்கும் கீழ உட்கார்ந்திருக்கணும். அப்புறம் வீட்டுக்குப் போய் என் பொண்ணு முகத்தைப் பார்ப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார். அந்த ஒண்ணும் சொல்லாம இருக்காரு பாருங்க, அதுதான் எனக்குப் பயம்.”

ஆனால் அவர் ஒன்பது மணி வரைக்கும்தானே உட்கார்ந்திருக்கிறார் என்றாள். அது எப்படி என்று நேரலைக்காரர் நிஜமாகவே திகைத்தார். காலையில் இருநூறு போட்டுவிட்டால் நாள் முழுக்க இருநூறுதானே என்றார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மாறியிருக்குமாம், சில சமயம் நடுவிலும் மாறியிருக்குமாம், கார்டின் கோளாறு என்று நினைத்துத் திரும்ப இருநூறு போடுவாராம்.

அன்றும் செய்தியில் படம் இரண்டு தரம் நின்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருநூறை அப்படியே விட்டுவைத்தார். செய்தி முடிந்ததும் அவள் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

லைப்ரரிக்காரர் அன்றைய ஒளிநாடாக்களைத் துடைத்து அடுக்கி முடித்துவிட்டு, அப்போதுதான் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். எண்ணைப் பார்த்தார். இருநூறு. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நாற்பது என்று தட்டினார்.

“எனக்காக அவர் இருநூறு போட்டு வைக்கிறாரும்மா. தினமும் வந்து உட்கார்ந்து பார்த்தாலே அப்படித்தான் நிக்குது. எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அவர் செய்தி நின்னா ஊரே பார்க்கும், என் நகல் நின்னா நான் மட்டும்தான் பார்ப்பேன். என் மருமகப் பொண்ணு தினம் டிவி முன்னாடி உட்கார்ந்து அப்பா போடற நியூஸைப் பார்க்குது. படம் நின்னா மாமாதான் நிறுத்திட்டாருன்னு நினைக்காதா?”

செய்திதான் முடிந்துவிட்டதே, இப்போது நாற்பது போட்டு யாருக்கு என்ன பயன் என்று கேட்டாள். நாளைக்காவது நன்றாக வரட்டுமே என்றுதான் போட்டு வைப்பதாகச் சொன்னார்.

கடைசியில் இரண்டு பேரும் அவளிடம் ஒரே வேண்டுதலை வைத்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இந்த எண்ணை யாரும் மாற்ற முடியாதபடி பழைய மாதிரியே இறுக்கிக் கட்டிவிட வேண்டும். எந்த எண்ணில் என்று கேட்டாள். இருநூறில் என்றார் நேரலைக்காரர். நாற்பதில் என்றார் லைப்ரரிக்காரர்.

இரண்டு மாடிக்கும் நடுவே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதினால் என்ன செய்வது என்று அவள் நிரலில் பூட்டு வைத்திருந்தாள். அதை எழுத மட்டும் ஒன்பது நாள் ஆனது. இருவரும் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளப் போட்டி போடுவார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தாள். இப்படி ஒன்று நடந்தால் அதற்கு எங்கே பூட்டு வைப்பது? கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் யார் மேல் தப்பு என்று தெரியவில்லை. மேலே போவதா கீழே போவதா என்பதும் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

ஒரு மணிக்கு இருவரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னாள். ரகசியம் என்று கேட்டுக்கொண்டதை மீறுகிறோமே என்று உறுத்தியது, ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. பதிவுக் காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

“சார், ஒருத்தருக்கொருத்தர் நல்லது பண்றேன்னு ரெண்டு பேருமே கெட்டுப் போயிட்டிருக்கீங்க. செய்தி நடக்கிற அரை மணி நேரம் நாற்பது, மீதி நேரம் பூரா இருநூறு. அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் நல்லது.”

சிரித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். காகிதத்தை முதலில் ஒருவரும் பிறகு மற்றவரும் படித்தார்கள். நேரலைக்காரர் தானே இரண்டு வேளையும் மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஏன், அதைச் செய்ய எனக்குத் துப்பில்லையா என்றார் லைப்ரரிக்காரர். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொன்னேன் என்றார் இவர். சிரமம் சிரமம் என்று சொல்லித்தானே போன மாதம் வீட்டுக்கு வருகிறேன் என்றவர் வராமல் இருந்துவிட்டீர்கள் என்றார் அவர். கூப்பிட்ட லட்சணம் அப்படி என்றார் இவர்.

அதற்குப் பிறகு அவளால் பின்தொடர முடியவில்லை. ஒரு சோபா வந்தது. அது எந்த அறையில் போடப்பட்டது என்பது ஏதோ காரணத்தால் முக்கியமாக இருந்தது. மகள் போன் செய்கிற நேரம் வந்தது, அப்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வந்தது. ஒரு கைக்கடிகாரம் வந்து போனது. இரண்டு பேரும் மரியாதை குறையாமல்தான் பேசினார்கள், ஒவ்வொரு வாக்கியத்திலும் சம்பந்தி என்று சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரைப் பார்த்துத் தலையாட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டினாள். தன் டிரைவர் எந்த இடத்தில் இந்தப் பேச்சிலிருந்து கழன்று விழுந்தது என்று யோசித்துப் பார்த்தாள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமில்லாததுபோல் இருவரும் நிறுத்தினார்கள். நேரலைக்காரர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“எட்டு மாசமா இதையெல்லாம் வாயைத் திறக்காம வச்சிருந்தேன்” என்றார். இந்தத் தடவை சம்பந்தி என்று சேர்க்கவில்லை.

“நான் மட்டும் என்னவாம்?” என்றார் லைப்ரரிக்காரர்.

பிறகு அவர்தான் அவள் பக்கம் திரும்பி, யாரும் கைவைக்காமல் மெஷினே நேரம் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். அந்த மேஜையிலேயே செய்து முடித்தாள். பத்து ஐம்பத்தைந்துக்கு நாற்பது, பதினொன்று முப்பத்தைந்துக்கு இருநூறு. ஆறே வரி, கால் மணி நேரம். எழுந்து போனபோது ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் போனார்கள். கதவருகே யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை படம் நிற்கவில்லை. நகல் ஐந்தே காலுக்கு முடிந்தது. மேலாளர் அறிக்கை கேட்டார். ‘கோளாறு’ என்ற கட்டத்தையும் ‘தீர்வு’ என்ற கட்டத்தையும் நிரப்பிவிட்டாள். நடுவில் இருந்த ‘காரணம்’ கட்டத்தில் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் ‘மதிப்பு தவறான நேரங்களில் மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தாள். யார் மாற்றியது என்று மேலாளர் கேட்டார். இரண்டு பேரும்தான் என்றாள். யார் மேல் தப்பு என்றார். ஒருத்தர் மேலும் இல்லை என்றாள். அவர் திருப்தியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் கணவர், அவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்களா என்று கேட்டார். சண்டை போட்டார்களா சமாதானம் ஆனார்களா என்பதே தனக்குத் தெரியவில்லை என்றாள். இப்போது நாலு மணி டீ குடிக்கிறார்களா என்றார் அவர். அதையும் அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கீழே இருவருடைய கையெழுத்தும் இருந்தது. கார்டில் இதேபோல் ஓடும்போது மாற்ற முடியாத எண்கள் இன்னும் பதினொன்று இருப்பதாகக் கையேட்டில் பார்த்தார்களாம். எல்லாவற்றையும் மாற்றக்கூடியதாகச் செய்து தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதினொன்றும் வரிசை எண் போட்டுப் பட்டியலிடப்பட்டிருந்தன. அதன் அடியில் லைப்ரரிக்காரரின் சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி இருந்தது: ‘மூன்றாவதையும் ஏழாவதையும் பற்றி எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு உள்ளது. நேரில் வந்தால் பேசி முடிவு செய்யலாம்.’

அதை அவள் நாலைந்து தரம் படித்தாள். இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியவில்லை. மேலாளர் வந்து, எப்போது போகிறாய் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றாள். போவதற்கு முன் அந்த மூன்றாவது எண் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம் என்று நிரலைத் திறந்தாள். எழுபத்திரண்டு என்று இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வரை பார்த்தாள். அது எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.